திரையில் வரும் துரைமார்

1959இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தின் ஜாக்சன் துரை தொடங்கி, தமிழ்த்திரை காட்டும் ஆங்கிலேயர் பெரும்பாலும் ஒரே வார்ப்பினர்: தமிழ் நாவில் படியாதவர், அதட்டி ஆள்பவர். கொங்கு நாட்டு வரலாறு இவ்வார்ப்பினுள் அடங்காது. 1805இல் தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டோர் ஆங்கிலேயர். 1862இல் கோவையில் பள்ளி தொடங்கிய இராபர்ட் ஸ்டேன்சும் ஆங்கிலேயரே. மேலும், 1812இல் சென்னையில் நிறுவப்பெற்ற புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் கும்பினி அலுவலர் முறையாகத் தமிழ் பயின்றனர். அம்மொழியறிவு ஆட்சிக்குக் கருவியாயிற்று. உளறும் துரையைக் கண்டு நகைக்குந்தோறும், மொழியைக் கற்றே நம்மை ஆண்டனர் என்னும் உண்மை மறைகிறது. இவ்வார்ப்பால் ஆங்கிலேயர்க்கு நேரும் இழுக்கு சிறிது. நம் வரலாற்றறிவுக்கு நேரும் கேடு பெரிது. ஆதலின், திரைப்பாத்திரங்களை ஆவணங்களோடு ஒப்பிட்டு ஆராய்தல் தமிழாய்வின் கடனாகும்.