வேலை நிரந்தரம், ஆள் தற்காலிகமா?

கிராமத்தில் நமக்குக் கடுதாசி கொண்டுவந்து கொடுக்கிறவரைத் தபால்காரர் என்றே நாம் அழைக்கிறோம். சர்க்கார் கணக்கிலோ அவர் தபால்காரர் அல்ல. 'கிராமின் டாக் சேவக்' என்பதே அவருக்கு இட்டிருக்கும் பெயர். முன்பு 'இ.டி.' என்றார்கள், அதாவது இலாகாவுக்குப் புறம்பானவர் என்றார்கள். பெயர் மாறிற்றே தவிர, புறத்தே நிற்பது மாறவில்லை. தேசம் முழுவதும் இப்படி நிற்பவர்கள் லட்சக்கணக்கானவர்கள்.

இந்த ஏற்பாடு வெள்ளைக்காரர் காலத்தில், 1854 முதல் வந்தது. சிறு கிராமத்தில் முழுநேர உத்தியோகஸ்தரை வைத்தால் கட்டுப்படியாகாது என்று, பள்ளிக்கூட வாத்தியார், கடைக்காரர், நிலக்காரர் போன்றவர்களிடம் ஓய்வு நேரத்தில் பார்க்கும்படி ஒப்படைத்தார்கள். வேறு ஜீவனம் உள்ளவருக்குக் கொடுப்பது சம்பளமல்ல, மேல்வரும்படியே என்பது அன்றைய நியாயம்.

இன்று இந்த வேலைக்கு வருகிறவர்கள் யார்? பத்தாவது மார்க்கைக் காட்டி, இதையே நம்பி வருகிற வாலிபர்களும் பெண்களுந்தானே! வேலையும் கடிதத்தோடு நிற்கவில்லை. சேமிப்புக் கணக்கு, இன்ஷூரன்ஸ், 2018இல் தொடங்கிய தபால் பாங்கியின் காரியம் எல்லாம் அவர்கள் தலையில்தான்.

இப்படியிருக்க, விதி என்ன சொல்லுகிறது? நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலையில்லை என்கிறது. 'எனக்கு வேறு வருமானம் உண்டு' என்று எழுதிக் கொடு என்கிறது. நீ சிவில் சர்வீசுக்கு வெளியே இருப்பவன், மற்றச் சிப்பந்திகளோடு சமத்துவம் கோராதே என்கிறது. ஆனால் 65 வயது வரை வேலை வாங்குகிறது! கடிதம் சுமக்கிறவருக்கு 2018இல் நிர்ணயித்த தொடக்கப் படி, பஞ்சப்படி நீங்கலாக, 4 மணி நேரத்துக்கு 10,000 ரூபாய். 5 மணி நேரத்துக்கு 12,000 ரூபாய். இதற்கும் அவ்வாண்டு மே 22 முதல் இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

நிரந்தரமாக வழியே இல்லையா என்றால், இருக்கிறது. சீனியாரிட்டிப்படி எம்.டி.எஸ். என்னும் கடைநிலை வேலைக்கும், இலாகாப் பரீட்சை எழுதித் தபால்காரர் வேலைக்கும் போகலாம். ஆனால் காலியிடம் சில, காத்திருப்போர் பலர். தலை நரைத்தபின் இடம் கிடைத்தவர்கள் கதி என்ன? பழைய பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேண்டும். அது நிறையாதவர்கள், சேவக்காக உழைத்த வருஷங்களையும் சேர்த்து எண்ணுங்கள் என்று கேட்டார்கள். விதியில் இடமில்லை என்று 2019 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. இதே கோர்ட்டு 1977இல், இவர்கள் வகிப்பது சிவில் பதவியே, விசாரணையின்றி நீக்கக்கூடாது என்று தீர்ப்புக் கூறியிருக்கிறது. நீக்கும்போது பதவியாக இருப்பது, பென்ஷன் கேட்கும்போது மட்டும் ஒன்றுமில்லாததாகிவிடுமா? கோர்ட்டு இருக்கிற விதியைத்தான் பார்க்கும். நாம் கேட்க வேண்டியது விதி செய்கிறவர்களை.

தெரிந்துதானே கையெழுத்துப் போட்டார்கள் என்று சில புத்திசாலிகள் சொல்லலாம். பசித்தவனிடம் 'எனக்குப் பசியில்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு அதையே காட்டிச் சோறில்லை என்பதற்கு ஒப்பந்தம் என்றா பெயர்? கடுதாசிப் பை 1854 முதல் இன்று வரை கிராமத்துக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறது. அப்படியானால் வேலை தற்காலிகமானதல்ல. அதைச் செய்கிறவனை மட்டும் தற்காலிகமாக வைத்திருப்பது யாருக்கு லாபம்?

ஆகவே நாம் கேட்பது மூன்றே. வேறு வருமானம் உண்டென்று எழுதி வாங்கும் விதியை எடுத்துவிட வேண்டும். செய்கிற வேலை முழுவதையும் நேரக் கணக்கில் சேர்க்க வேண்டும். நிரந்தரமாகிறவருக்குச் சேவக்காக உழைத்த வருஷங்களைப் பென்ஷனுக்கு எண்ண வேண்டும்.

தோழர்களே! உங்கள் ஊர்த் தபால்காரர் எத்தனை வருஷமாக வருகிறார் என்று அவரையே கேளுங்கள். அடுத்தபடியாக ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், அந்த வருஷங்களுக்கு என்ன பதில் என்று கேளுங்கள்.