ஈறு கொண்டு பால் துணிதல் முறையா?

பெயரின் ஈற்றைக் கண்டு அதனை உடையவரின் பாலைத் துணியும் வழக்கம் தமிழாய்வில் வேரூன்றியுள்ளது. அன் ஈறு ஆண், இகர ஈறு பெண் என்பதே இத்துணிபின் அளவுகோல். இலக்கணமும் வழக்கும் இதற்கு இடந்தரவில்லை.

தொல்காப்பியர் இயற்பெயரை விரவுப்பெயருள் வைத்தார். சாத்தன் என்பது மகனா எருதா என்பதை முடிக்கும் வினையே காட்டும். ஆண்மை இயற்பெயர், பெண்மை இயற்பெயர் என அவரே பகுத்தாரே எனின், அப்பகுப்பில் ஈறு எதுவும் வரையறுக்கப்படவில்லை.

அதியமான் நெடுமான் அஞ்சி ஆண் என்பதில் ஐயுறுவார் இலர். நற்றிணைப் புலவர் அஞ்சில் அஞ்சியாரோ பெண்பாற் புலவர் பட்டியல்களில் இடம்பெறுகிறார். ஒரே பெயர் ஓரிடத்தில் ஆணாகவும் மற்றோரிடத்தில் பெண்ணாகவும் கொள்ளப்படுவதற்குச் சான்று யாது? முள்ளியூர்ப் பூதியாரும் அவ்வாறே பெண்ணாக்கப்பட்டார். கொடும்பாளூர் மூவர்கோயிலை எடுப்பித்த பூதி விக்கிரமகேசரி ஆண் அன்றோ! அப்பூதி வடசொல் என ஒதுக்கினும் ஈறு இகரமே. சங்கப் பெண்பாற் புலவர் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுபடுவதற்கு இத்தகைய துணிபுகளும் காரணமாம்.

எதிர்நிலைச் சான்று தஞ்சைப் பெரியகோயிலில் உள்ளது. முதலாம் ராசராசன் (985–1014) குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் குறிக்கும் கல்வெட்டில் நக்கன் சேரமங்கை, நக்கன் எடுத்தபாதம் எனப் பெயர்கள் வருகின்றன. நக்கன் என்பது சிவன் பெயர். தந்தை நிலையில் முன்னின்றது என்று அமைதி கூறுவர். அவ்வமைதி பொருந்துவதே. எனினும் ‘பெண்டுகள்’ என்னும் சொல் சிதைந்து, நக்கன் எடுத்தபாதம் என்ற தொடர் மட்டுமே எஞ்சியிருப்பின், அவரை ஆண் என எழுதத் தயங்குவோர் எத்தனை பேர்?

காலந்தோறும் பெயர் பால் கடந்தும் செல்லும். காளி, மாரி, இசக்கி என்பன பெண்தெய்வப் பெயர்கள். இன்று ஆண்களும் அவற்றைத் தாங்குகின்றனர். ‘முள்ளும் மலரும்’ (1978) திரைப்படத்தின் நாயகன் பெயர் காளி. பார்த்தவர் எவரும் திகைத்திலர். ஆங்கிலத்தில் ஆண்பெயர்களாயிருந்த பெவர்லி, ஆஷ்லி போன்றவை பெண்டிர்க்கு உரியனவாயின. நாவலாசிரியர் எவலின் வா 1928இல் மணந்த பெண்ணின் பெயரும் எவலினே. அங்கு ஆண்பெயர் பெண்ணிடம் சென்றது. இங்குப் பெண்பெயர் ஆணிடம் வந்தது. பெயர்மாற்றம் ஒருதிசைப்பட்டது என்னும் மேலைக் கருத்தைத் தமிழுக்கு அப்படியே பொருத்துவோர் இசக்கிமுத்துகளை நோக்குவாராக.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1966இல் உதகையிலிருந்து மைசூருக்கு மாறிய நடுவணரசின் கல்வெட்டியல் அலுவலகத்தில் பல்லாயிரம் தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் திரண்டன. அவற்றைச் சென்னைக்கு மாற்ற 2021இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. படிகள் எங்கிருப்பினும் அவை மின்தரவாக்கப்படுங்கால், பெயரை அடுத்து ‘பால்’ என்றொரு கட்டம் அமைத்து அதனை ஈறு கொண்டு நிரப்பினால், கொடை தந்த பெண்கள் ஆண்களாகிவிடுவர். நிலவுரிமை பெற்ற பெண்களின் கணக்கும் பிழைபடும். அச்சேறிய பிழையை மறுப்புரை திருத்தலாம். எண்ணாகி அட்டவணைக்குள் புகுந்த பிழையைத் தேடுவாரே அரியர். மகள், மணவாட்டி, தேவியார், இவள் என்னும் சொற்களுள் ஒன்றேனும் கல்லில் இருப்பின் அதனையும் உடன்குறித்துப் பெண் என எழுதுக. ஆண் என எழுதுவதற்கும் அத்தகைய சான்றே வேண்டும். சான்றில்லாவிடத்துக் கட்டம் வெற்றாகவே நிற்கட்டும்.