கருவி விடுதலை தராது: எகிப்தின் அலா அப்துல் ஃபத்தாஹ் சொல்லும் பாடம்

2025 செப்டம்பரில் எகிப்து அதிபர் ஸீஸி மன்னிப்பு வழங்கி விடுவித்த கைதிகளில் ஒருவர் அலா அப்துல் ஃபத்தாஹ். அப்போது அவருக்கு வயது 43. அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதியை அவர் சிறையில்தான் கழித்திருந்தார். அவர் ஆயுதம் ஏந்தியவர் அல்லர், கட்சித் தலைவரும் அல்லர். இணையதளங்களை வடிவமைக்கும் கணினி வல்லுநர். கணினியும் பேனாவும் மட்டுமே வைத்திருந்த ஒருவரைக் கண்டு ஓர் அரசு ஏன் இவ்வளவு அஞ்சியது?

நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இன்று மென்பொருள் துறையில் இருக்கிறார்கள். அதனால் இந்தக் கேள்வி நமக்கும் உரியது.

அலாவின் தந்தை அஹ்மத் சைஃபுல் இஸ்லாம் மனித உரிமை வழக்கறிஞர். 1980களில் ஐந்தாண்டுகள் சிறையில் இருந்து சித்திரவதை அனுபவித்தவர். தாய் லைலா சுவைஃப் கெய்ரோ பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியை. அலா இடதுசாரிச் சிந்தனை கொண்டவர். இஸ்லாமிய இயக்கங்களைக் கடுமையாக விமர்சித்தவரும்கூட. அவருடைய கருத்துகள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அநீதி இழைக்கப்பட்டவர் நம்மைப் போல் சிந்திப்பவரா என்று பார்த்து நீதி பேசுவது முறையல்ல.

2004இல் அலாவும் அவருடைய மனைவி மனால் ஹஸனும் சேர்ந்து ஓர் இணையதளத்தைத் தொடங்கினார்கள். எகிப்தியர் எழுதும் வலைப்பூக்களை எல்லாம் ஓரிடத்தில் திரட்டித் தரும் தளம் அது. எழுதுபவர் எந்த அணி என்று பார்த்து அங்கே யாரும் வடிகட்டப்படவில்லை. நாளிதழ்கள் அரசின் கண்காணிப்பில் இருந்த நாட்டில், சாமானியர்கள் ஒருவரையொருவர் வாசிக்கத் தொடங்கினார்கள். கட்டற்ற மென்பொருள்களை அரபு மொழிக்குக் கொண்டுவரும் பணியிலும் அவர் உழைத்தார். 2006இல் நீதித்துறையின் சுதந்திரத்துக்காக நடந்த போராட்டத்தில் கைதாகி, சுமார் ஒன்றரை மாதம் சிறையில் இருந்தார். பிறகு வேலைக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றவர், 2011 ஜனவரியில் மக்கள் எழுச்சி தொடங்கியதும் நாடு திரும்பினார்.

அந்த எழுச்சியை 'ஃபேஸ்புக் புரட்சி' என்று உலக ஊடகங்கள் வர்ணித்தன. நடந்தது வேறு. ஜனவரி 27 நள்ளிரவில் முபாரக் அரசு நாட்டின் இணையத்தை ஏறத்தாழ முழுமையாகத் துண்டித்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. இணையம் இல்லாத அந்த நாளில்தான் ஜும்ஆ தொழுகைக்குப் பின் மக்கள் பெருந்திரளாக வீதிக்கு வந்தார்கள். சுமார் ஐந்து நாட்கள் கழித்து இணையம் திரும்பியபோது, தஹ்ரீர் சதுக்கம் மக்கள் கையில் இருந்தது. இணையம் மனிதர்களை அறிமுகம் செய்து வைத்தது உண்மை. எழுந்து நின்றவர்கள் மனிதர்களே.

தொழில்நுட்பத்தைப் பற்றிய அலாவின் எழுத்துகளில் இந்தத் தெளிவைக் காணலாம். 2016இல் கெய்ரோவின் டாக்சி ஓட்டுநர்கள் ஊபர் நிறுவனத்துக்கு எதிராகப் போராடினார்கள். 'முன்னேற்றத்துக்கு எதிரான பாமரர்கள்' என்று அவர்களை ஒதுக்கிவிட அலா தயாராக இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஆலை இயந்திரங்களை உடைத்த லுட்டைட் தொழிலாளர்களை அவர் நினைவுபடுத்தினார். அவர்கள் எதிர்த்தது இயந்திரத்தை அல்ல. அதன் பலன் முழுவதும் முதலாளிக்கும் பாதிப்பு முழுவதும் தொழிலாளிக்கும் போய்ச் சேர்ந்த ஏற்பாட்டை. ஒரு செயலி வந்தால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம், விதிகளை யார் எழுதுகிறார் என்று கேட்க வேண்டும் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். சென்னை வெயிலில் உணவுப் பையைச் சுமந்து செல்லும் இளைஞரைப் பார்க்கும் நமக்கும் இந்தக் கேள்வி அந்நியமானதல்ல.

இதற்கெல்லாம் அவர் கொடுத்த விலை பெரியது. 2011 இறுதியில் மகன் காலித் பிறந்தபோது அலா சிறையில் இருந்தார். அலெக்சாண்டிரியாவில் போலீஸாரால் அடித்துக் கொல்லப்பட்ட காலித் ஸஈதின் நினைவாக வைத்த பெயர் அது. 2014இல் தந்தை மரணப் படுக்கையில் கிடந்தபோதும் அலா சிறையில் இருந்தார். 2019 மார்ச்சில் விடுதலையானார். ஆனாலும் ஒவ்வோர் இரவும் பன்னிரண்டு மணி நேரம் காவல் நிலையத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆறே மாதத்தில், அதே காவல் நிலையத்தில் மீண்டும் கைது. 2021 டிசம்பரில் மேலும் ஐந்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றம், ஒரு கைதியின் மரணம் பற்றிய ஃபேஸ்புக் பதிவைப் பகிர்ந்தது.

சிறையில் கணினி கிடையாது. நீண்ட காலம் புத்தகமும் கிடையாது. 2014இல் அவரும் கவிஞர் அஹ்மத் தூமாவும் தனித்தனி அறைகளில் அடைக்கப்பட்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் உரக்கக் கூவியே இருவரும் சேர்ந்து ஒரு படைப்பை எழுதி முடித்தார்கள். இணையத்தில் வாழ்ந்தவருக்குக் கடைசியில் மிஞ்சியது மனிதக் குரல்.

2022 ஏப்ரலில் அவர் உண்ணாவிரதம் தொடங்கினார். நவம்பரில் ஷர்முஷ் ஷைக் நகரில் ஐ.நா. பருவநிலை மாநாடு தொடங்கிய நாளில் தண்ணீரையும் நிறுத்தினார். உலகத் தலைவர்கள் பேசினார்கள், கதவு திறக்கவில்லை. 2024 செப்டம்பரில் ஐந்தாண்டுகள் நிறைவடைந்தும், தீர்ப்புக்கு முந்தைய சிறைக்காலத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றது அரசு. அப்போது அவருடைய தாய் உணவை நிறுத்தினார். அறுபத்தெட்டு வயதுப் பேராசிரியை லண்டனில் பிரிட்டன் பிரதமர் அலுவலக வாசலில் அமர்ந்தார். இருமுறை மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். சகோதரிகள் முனாவும் ஸனாவும் ஓயாமல் குரல் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டுதான் மகன் வீடு வந்தார்.

கதை அங்கே முடியவில்லை. 2025 டிசம்பரில், தாய்வழியில் குடியுரிமை பெற்ற பிரிட்டனுக்கு அவர் போய்ச் சேர்ந்த சில நாட்களில், சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய அவருடைய ட்விட்டர் பதிவுகள் வெளிவந்தன. ஸியோனிஸ்டுகளையும் போலீஸாரையும் கொல்வது பற்றிய வன்மையான சொற்கள் அவற்றில் இருந்தன. சில பதிவுகள் சூழலிலிருந்து பிரித்துக் காட்டப்படுவதாகச் சொன்னாலும், அவர் மன்னிப்புக் கேட்டார். அவருடைய குடியுரிமையைப் பறிக்க வேண்டும் என்று அங்குள்ள அரசியல்வாதிகள் சிலர் குரல் எழுப்பினார்கள்.

இதில் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்தச் சொற்கள் தவறானவை; ஒடுக்கப்பட்டவனின் கோபம் என்பதற்காக அவை சரியாகிவிடாது. அதேவேளை, அந்தச் சொற்களைக் காட்டி அவர் அனுபவித்த சிறைவாசத்தை நியாயப்படுத்தவும் முடியாது. அவர் தண்டிக்கப்பட்டது அவற்றுக்காக அல்ல. அதிகாரத்துக்கு எதிராகப் பேசும் இளைஞனின் ஒவ்வொரு வரியும் சேமிக்கப்படுகிறது, வேண்டியபோது எடுத்து நீட்டப்படுகிறது. நன்மை தீமைகளை எழுதும் மலக்குகள் உண்டு என்று நம்பும் சமுதாயத்துக்கு இது புதிய செய்தி அல்ல. ஆனால் மலக்குகள் எழுதிய பாவத்தைத் தவ்பாவால் அழித்துக்கொள்ள வழியுண்டு. நிறுவனங்களின் சர்வர்களில் அந்த வாசல் இல்லை.

பிள்ளை கணினித் துறையில் சேர்ந்தால் சம்பளம் எவ்வளவு, எந்த நாட்டுக்கு அனுப்புவார்கள் என்று விசாரிக்கிறோம். அதில் தவறில்லை. அதோடு, அவர் உருவாக்குவது யாருக்குப் பயன்படுகிறது, யாரைக் கண்காணிக்கிறது, யாருடைய உழைப்பைச் சுரண்டுகிறது என்றும் வீட்டில் பேச வேண்டும். நள்ளிரவில் கோபத்தோடு ஒரு பதிவை எழுதினால், 'இதை ஃபஜ்ருக்குப் பிறகு போடலாமே' என்று சொல்ல ஒருவர் அருகில் இருக்க வேண்டும். அவர் நியாயத்துக்காக நின்று சிக்கலில் மாட்டிக்கொண்டால், 'உனக்கு ஏன் இந்த வேலை' என்று கேட்காமல் கூட நிற்கும் குடும்பமும் வேண்டும். அலாவுக்கு அப்படி ஒரு குடும்பம் இருந்தது. அவர் எழுதிய எந்த நிரலும் அந்தச் சிறைக் கதவைத் திறக்கவில்லை. அதன் முன்னால் ஆண்டுக்கணக்கில் விலகாமல் நின்றவர்கள் அவருடைய தாயும் சகோதரிகளும்தான்.