கணினிப் படிப்பு: தேர்ந்தெடுப்பது யார்?

பிளஸ் டூ முடிவுகள் வெளியாவது முதல் கல்லூரிகள் திறக்கப்படுவது வரையிலான மாதங்களில், நாடெங்கும் உழைக்கும் மக்களின் வீடுகளில் ஒரே கேள்வி ஒலிக்கிறது: கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா? மெக்கானிக்கல், சிவில், இயற்பியல், வேதியியல் எல்லாம் கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்ற வரிசைக்குத் தள்ளப்பட்டுவிட்டன. பெற்றோர் மந்தைபோல் ஓடுகிறார்கள் என்று முதலாளித்துவ ஏடுகள் கேலி செய்கின்றன. அடுத்த பக்கத்திலேயே சுயநிதிக் கல்லூரிகளின் முழுப்பக்க விளம்பரங்களையும் வெளியிடுகின்றன. பதினேழு வயது மாணவரின் விருப்பப் பட்டியலில் முதலிடம் எதற்கு என்பது அவர் விண்ணப்பத்தை நிரப்புவதற்கு வெகு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. தீர்மானித்தவர்கள் யார் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

2024-25 கல்வியாண்டு முதல், சிறப்பாகச் செயல்படுவதாகக் கருதப்படும் கல்லூரிகளுக்கு மாணவர் சேர்க்கை இடங்களின் உச்சவரம்பை ஏஐசிடிஇ நீக்கியது. அதே ஆண்டில் பிசிஏ, பிபிஏ படிப்புகளையும் தன் அனுமதி வரம்புக்குள் கொண்டுவந்தது. உச்சவரம்பு நீங்கியதும் நிர்வாகங்கள் பெருக்கியது எதை? கணினிப் பிரிவுகளைத்தான். காரணத்தைப் புரிந்துகொள்ளப் பொருளாதார மேதைமை தேவையில்லை. இயந்திரவியல் துறைக்குப் பட்டறையும் கடைசல் இயந்திரங்களும் வேண்டும். கட்டடவியலுக்குப் பொருள்களைச் சோதிக்கும் கூடம் வேண்டும். கணினி வகுப்புக்கு ஒரு கூடமும் சில வரிசைக் கணினிகளும் இருந்தால் கணக்குக் காட்டிவிடலாம், கட்டணமோ அதிகம். கணினி இடங்களை உயர்த்த வேண்டுமானால் குறைந்தது மூன்று அடிப்படைப் பொறியியல் துறைகளையாவது நடத்த வேண்டும் என்ற நிபந்தனையை ஏஐசிடிஇ விதித்திருக்கிறது. ஆனால் துறையைப் பெயருக்கு வைத்துக்கொண்டு அதன் இடங்களைச் சுருக்கிவிட முடியும் என்பதை நிர்வாகங்கள் நன்கறியும். தெலங்கானா அரசு கூடுதல் இடங்களுக்கு அனுமதி மறுத்தபோது அவை உயர்நீதிமன்றத்தின் படியேறின. எந்தத் துறைக்கு எத்தனை பேர் தேவை என்று திட்டமிடும் பொறுப்பை ஒன்றிய அரசு சந்தையிடம் ஒப்படைத்துவிட்டது. அதைக் கட்டுப்படுத்த முனையும் மாநிலங்கள் வழக்காட வேண்டியிருக்கிறது.

இடங்கள் பெருகியதற்கு ஈடாக ஆசிரியர்கள் பெருகினார்களா? பொறியியல் கல்லூரிகளில் 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்த விகிதத்தை 2018-ஆம் ஆண்டில் 20-க்கு ஒருவர் என்று தளர்த்தியதும் இதே ஏஐசிடிஇதான். அந்தத் தளர்ந்த விகிதமும் காகிதத்தில்தான் காப்பாற்றப்படுகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் முழுநேரப் பணியாளராகக் கணக்குக் காட்டப்பட்ட மோசடி 2024-இல் வெளிவந்தது. இதற்கிடையே செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், இணையப் பாதுகாப்பு என்று புதுப்புதுப் பலகைகள் தொங்கவிடப்படுகின்றன. பல கல்லூரிகளில் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றே. கற்பிப்பவர்களும் அதே ஆசிரியர்களே. பலகை மாறும்போது கட்டணம் மட்டும் தவறாமல் மாறுகிறது.

வாயிலைக் கடப்பது இன்னொரு கதை. 2025-ஆம் ஆண்டு ஜேஇஇ மெயின் தேர்வுக்குப் பதிவு செய்தோர் சுமார் 15 லட்சம் பேர். எல்லா ஐஐடிகளிலும் எல்லாத் துறைகளையும் சேர்த்து இருந்த இடங்கள் 18 ஆயிரத்தைச் சற்றே தாண்டியவை. மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கு 2022 முதல் கியூட் நுழைவுத் தேர்வு. அதற்கும் 2025-இல் 13 லட்சத்துக்கு மேற்பட்டோர் பதிவு செய்தனர். தேர்வுக்கு ஒரு பதிவு, கலந்தாய்வுக்கு ஒரு பதிவு, தனியார் பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேர்வுகளுக்குத் தனித்தனிப் பதிவு, ஒவ்வொன்றுக்கும் கட்டணம். இவற்றுக்கு முன்பே பயிற்சி மையங்களுக்கு லட்சக்கணக்கில் கொட்டியாக வேண்டும். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பை மதிப்பற்றதாக்கி, பயிற்சி மைய முதலாளிகளுக்குச் சந்தை அமைத்துக் கொடுப்பதே இந்த ஏற்பாட்டின் நடைமுறைப் பயன். தமிழ்நாட்டில் தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை ஒழிக்க 2006-இல் சட்டம் இயற்றப்பட்டதன் அருமை இந்தப் பின்னணியில்தான் விளங்கும்.

தேர்வில் வென்றாலும் முடிந்துவிடுவதில்லை. 2024-இல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனான தலித் மாணவருக்கு ஐஐடி ஒன்றில் இடம் ஒதுக்கப்பட்டது. இடத்தை உறுதிசெய்யக் கட்ட வேண்டிய தொகை 17,500 ரூபாய். குடும்பம் அதைத் திரட்டி முடித்தபோது கெடு நெருங்கிவிட்டது. பணம் செலுத்தும் முன் இணையதளம் மூடிக்கொண்டது. உச்சநீதிமன்றம் வரை சென்று, செப்டம்பர் 30 அன்று கிடைத்த ஆணையால்தான் அந்த இடம் அவருக்கு மீண்டது. அவருக்குக் கிடைத்திருந்தது மின்பொறியியல். ஆனால் கணினித் துறைக்கும் வாயில் அதுவே, கெடு அதுவே. உச்சநீதிமன்றம்வரை செல்ல முடியாமல் வீடு திரும்பியவர்களைப் பற்றிய கணக்கை எந்த அமைச்சகமும் நாடாளுமன்றத்தில் வைத்ததில்லை.

அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களுக்குத் தனியார் பல்கலைக்கழகம். அங்கே சமூகநீதி நுழைவதற்கு மத்தியச் சட்டமே இல்லை. அரசு உதவி பெறாத கல்வி நிறுவனங்களில் இடஒதுக்கீட்டை அரசு திணிக்க முடியாது என்று 2005-இல் இனாம்தார் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. அதைச் சரிசெய்யவே 93-ஆவது திருத்தத்தின் மூலம் அரசமைப்புச் சட்டத்தில் 15(5) பிரிவு சேர்க்கப்பட்டது. 2014-இல் அத்திருத்தம் செல்லும் என்றும் தீர்ப்பு வந்துவிட்டது. ஆயினும் தனியார் உயர்கல்வி நிறுவனங்களுக்கான இடஒதுக்கீட்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் இன்றளவும் இயற்றவில்லை. அப்படியொரு சட்டம் வேண்டும் என்று 2025-இல் நாடாளுமன்ற நிலைக்குழுவே பரிந்துரைத்தது. மோடி அரசு கொடுப்பதோ பிஎம் வித்யாலட்சுமி என்னும் கடன். உதவித்தொகை இருக்க வேண்டிய இடத்தில் கடன்பத்திரம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

உள்ளே சென்ற பிறகாவது மாணவர் விரும்பிய பாடத்தை எடுக்க முடியுமா? தேசியக் கல்விக் கொள்கை 2020 தேர்வுச் சுதந்திரத்தைப் பற்றி நிறையப் பேசுகிறது. நான்காண்டு இளநிலைப் பட்டம், ஆண்டுக்கு ஆண்டு வெளியேறும் வழி, கிரெடிட் வங்கி என்று அடுக்குகிறது. விருப்பப் பாடம் என்பது அதை நடத்த ஆசிரியர் இருந்தால்தான் விருப்பமாகும். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவிகிதம்வரை ஸ்வயம் இணையவழிப் பாடங்களைக் கொண்டு நிரப்பலாம் என்று யுஜிசி 2021-இல் விதி செய்தது. நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமலேயே விட்டுவைக்க இதைவிட வசதியான விதி இருக்க முடியாது. முதலாண்டு முடிவில் சான்றிதழோடு வெளியேறும் வழியோ, கட்டணம் கட்ட முடியாதவருக்கு இடைநிற்றல் என்பதன் மரியாதையான பெயர்.

இத்தனையும் கடந்து பட்டம் பெறுபவரை வரவேற்கும் உழைப்புச் சந்தை எப்படி இருக்கிறது? பெரிய ஐடி நிறுவனங்களில் புதியவர்களுக்கான தொடக்க ஊதியம் பத்தாண்டுகளுக்கு மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் அளவிலேயே தேங்கிக் கிடக்கிறது. 2025 ஜூலையில் டிசிஎஸ் 12,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை வெளியேற்றப் போவதாக அறிவித்தது. கர்நாடகத்தில் ஐடி துறைக்கு நிலையாணைச் சட்டத்திலிருந்து அளிக்கப்பட்ட விலக்கை எதிர்த்து அங்குள்ள ஐடி ஊழியர் சங்கம் போராடி வந்திருக்கிறது. வேலையற்றோரின் சேமப் பட்டாளம் இல்லாமல் முதலாளித்துவம் இயங்காது என்று மார்க்ஸ் விளக்கியதை மறுப்பவர்கள், ஒரே துறைக்கு லட்சக்கணக்கான இடங்களைத் திறந்துவிட்டு ஊதியத்தை அசையாமல் வைத்திருப்பதை வேறு எப்படி விளக்குவார்கள்?

உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் கணினி படிக்கக் கூடாது என்பது இதன் பொருளன்று. இடதுசாரிகள் கணினிக்கு எதிரிகள் என்ற பழைய ஏசல் இப்போதும் எடுத்துவரப்படுகிறது. திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் 1990-இல் நாயனார் அரசின் காலத்தில் உருவானது என்பதும், கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள் கொண்டு கணினி கற்பிக்கப்படுகிறது என்பதும் ஏசுவோருக்குத் தெரியாதவை அல்ல. கணினி அறிவு பொதுச்சொத்தாக, அரசுக் கல்லூரிகளில், நிரந்தர ஆசிரியர்களால் கற்பிக்கப்பட வேண்டும். சேர்க்கை இடங்களை வரையறுக்கும் உரிமை மாநிலங்களுக்கு வேண்டும். 15(5) பிரிவின்கீழ் சட்டம் வேண்டும். இடத்தை உறுதிசெய்யும் தொகையை ஏழை மாணவரிடம் முன்கூட்டிக் கேட்கும் முறை ஒழிய வேண்டும்.

கோரிக்கைகள் வெல்லும் வரை மாணவர்கள் காத்திருக்க முடியாது. மாணவர், வாலிபர் அமைப்புகள் கலந்தாய்வுக் காலத்தில் நடத்தும் உதவி மையங்கள் கிளை மட்டம்வரை விரிவடைய வேண்டும். கல்லூரியின் விளம்பரத்தை நம்பாமல், அனுமதிக்கப்பட்ட இடங்கள், ஆசிரியர் பட்டியல், தேர்ச்சி விகிதம், நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் ஆகியவற்றைப் பார்த்து விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்த அங்கே வழிகாட்டலாம். ஐஐடி, என்ஐடி கலந்தாய்வில் பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் பலர் மாநில அரசின் சாதிச் சான்றிதழோடு வந்து இடஒதுக்கீட்டை இழக்கிறார்கள். அங்கு தேவைப்படுவது மத்திய அரசின் படிவத்தில், அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பின் வழங்கப்பட்ட, வளமான பிரிவினர் அல்லர் என்ற சான்றிதழ். தாலுகா அலுவலகங்களில் அது கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். எனவே பிளஸ் டூ எழுதிய பிள்ளைகள் உள்ள வீடுகளின் பட்டியலை ஒவ்வொரு கிளையும் மார்ச் மாதத்திலேயே தயாரித்து, ஏப்ரல் முதல் வாரத்தில் விண்ணப்பங்களைக் கொடுக்கச் செய்ய வேண்டும்.