பழைய கணினிப் பெட்டியும் எர்த் கம்பியும்

மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் தெருக் கடைகளில், பிரித்தெடுக்கப்பட்ட பழைய வீடுகளின் தூண்களும் கதவுகளும் வெண்கல உருளிகளும் விற்பனைக்கு நிற்கின்றன. மிளகும் சுக்கும் அடுக்கப்பட்டிருந்த அவ்வட்டாரப் பண்டகசாலைகள் சில, 2012 டிசம்பரில் கொச்சி-முசிறி பினாலே தொடங்கிய பின் கலைக்கூடங்களாயின. பொருளுக்கு இரண்டாம் வாழ்வு தருவதையே வணிகமாகக் கொண்ட ஊர் அது. அங்கும் பழுதான மேசைக் கணினியின் பெட்டிக்கு இரும்பின் எடைக்குரிய விலைதான்.

அந்தப் பெட்டிக்குள் சிஎன்சி இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகைகளைப் பொருத்துவது பொறியியல் மாணவர்களுக்கும் சிறு பட்டறையினருக்கும் பழகிய வழி. இதைச் சிக்கனத்தின் வெற்றியென்று போற்றுவோர் உண்டு. ‘ஜுகாட்’ என்று புன்னகைத்து ஒதுக்கும் பேராசிரியர்களும் உண்டு. இரு தரப்பாரும் பெட்டியைப் பொறியியலுக்குப் புறம்பானதாகவே கருதுகின்றனர். மதிப்பெண்ணெல்லாம் நிரலுக்கும் வெட்டுப்பாதைக்கும் போய்விடுகிறது. ஆனால் உயிருக்கு ஆபத்து நேரக்கூடிய இடம் பெட்டிதான்.

முதலில் பெட்டியின் தகுதியைப் பார்க்கலாம். 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுமுறை இன்றும் வழக்கிலிருக்கிறது. 305 × 244 மில்லிமீட்டர் தாய்ப்பலகைக்கான இடம், அதைத் தாங்கும் திருகுத் தாங்கிகள், பின்புறம் விரிவாக்க அட்டைகளுக்கான திறப்புகள், விசிறிக்கான துளைகள் ஆகிய அனைத்தும் முன்கூட்டியே அமைந்திருக்கின்றன. எஃகு உடல் மின்காந்த இரைச்சலையும் ஓரளவு தடுக்கும். கட்டுப்பாட்டுப் பகுதியோ நாளுக்கு நாள் சுருங்கிவிட்டது. 1952இல் எம்ஐடி பொதுவில் இயக்கிக் காட்டிய எண்முறை மில்லிங் இயந்திரத்தின் வெற்றிடக் குழாய்க் கட்டுப்பாட்டகம் அலமாரி அலமாரியாக நின்றது. 2009இல் தொடங்கிய ஜிஆர்பிஎல் எனும் திறந்த மென்பொருள், 32 கிலோபைட் நினைவகம் கொண்ட ஒரு சில்லில் ஓடி மூன்று அச்சுகளை இயக்குகிறது. அமெரிக்க அரசின் தர ஆய்வு நிறுவனமான நிஸ்டின் திட்டத்திலிருந்து கிளைத்த லினக்ஸ்சிஎன்சியைப் பயன்படுத்துவோருக்கு, இணைத்துறை கொண்ட பழைய கணினி முழுவதுமே கட்டுப்பாட்டகமாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. ஆகவே பெட்டியைத் தேர்ந்தது தவறன்று.

தவறு அதற்குப் பிறகு நேர்கிறது. பெட்டியோடு வரும் மின்வழங்கியையே ஸ்டெப்பர் மோட்டார்களுக்கும் பயன்படுத்தும் ஆசை முதலில் எழும். அது தருவது 12, 5, 3.3 வோல்ட். நடுத்தர அளவு மோட்டார்கள் வேகமாகச் சுழலும்போதும் திருக்கத்தை இழக்காதிருக்க 24 முதல் 48 வோல்ட் வரை தேவைப்படும். எனவே அதற்குரிய தனி மின்வழங்கி வேண்டும். பழையதைத் திறந்து பார்க்க விரும்பும் மாணவருக்கு முன்னரே சொல்லியாக வேண்டிய செய்தி ஒன்றுண்டு: 230 வோல்ட் மாறுமின்னோட்டம் நேராக்கப்பட்டு ஏறத்தாழ 325 வோல்ட்டாக அதன் மின்தேக்கிகளில் நிற்கிறது; இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் அங்கேயே தங்கியிருக்கலாம்.

அடுத்தது எர்த். கணினியில் 230 வோல்ட் மின்வழங்கி என்ற உட்பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்தது. வெளிப்பெட்டிக்குள் உலவியது குறைந்த மின்னழுத்தம் மட்டுமே. புதிய ஏற்பாட்டில் முனையத் திருகுகள் வெளித்தெரியும் மின்வழங்கியும் ரிலேயும் வெளிப்பெட்டிக்குள்ளேயே அமர்கின்றன. ஒரு கம்பி கழன்று தகட்டில் பட்டால் பெட்டி முழுவதும் மின்னேறும். எர்த் இருக்கிறதே என்ற நம்பிக்கை பல நேரங்களில் வண்ணப்பூச்சின் மீது வைத்த நம்பிக்கை. பூச்சு மின்கடத்தாப் பொருள். வளைய முனையைத் திருகுமுன் அவ்விடத்தில் பூச்சைச் சுரண்டிப் பல்வளையம் இட வேண்டும். கழற்றக்கூடிய பக்கத் தகடு காடியில் செருகி நிற்பதால் அதற்குத் தனி எர்த் கம்பி தேவை. கொச்சியின் உப்புக் காற்றில் சுரண்டிய எஃகு விரைவில் துருவேறும். ஆதலால் இணைத்த பின் அவ்விடத்தை மூடிக் காப்பதும் வேலையின் பகுதியே. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் கரையில் இது ஒருமுறை செய்துவிட்டு மறக்கும் வேலையாகாது.

காற்றோட்டத்திலும் இதே சிக்கல். கணினிப் பெட்டி அலுவலக அறைக்காக வடிவமைக்கப்பட்டது. காற்றை உள்ளிழுத்து வெளியேற்றுவது அதன் இயல்பு. மரம் செதுக்கும் இயந்திரத்தின் அருகே அதே விசிறி மரத்தூளையும் இழுக்கும். அலுமினியம் வெட்டினால் உள்ளே செல்வது மின்கடத்தும் துகள். தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் ஐபி54 காப்பு இயல்பானது. கணினிப் பெட்டியின் காற்றுத் துளைகள் அதன் அருகில்கூட வரா. வேண்டாத துளைகளை அடைத்து, உள்ளே வரும் காற்றுக்கு வடிகட்டி வைத்து, உள்ளழுத்தம் சற்று மிகுந்திருக்குமாறு விசிறியைத் திருப்பினால் நிலைமை பெருமளவு சீராகும். அவ்வாறு செய்தபின் டிரைவர் பலகைகளின் வெப்பத்தை ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு அளந்தாக வேண்டும். ஸ்பிண்டிலை இயக்கும் விஎஃப்டியை அந்தப் பெட்டிக்குள் திணிக்காமலிருப்பதே நல்லது.

எல்லாவற்றிலும் கவலைக்குரியது முகப்பிலுள்ள பொத்தான். அழகாகப் பொருந்தியிருப்பதால் அதையே அவசர நிறுத்தமாக இணைத்துவிடுகின்றனர். அது விரலை எடுத்ததும் மீண்டுவிடும் சிறு சுவிட்சு. அதன் கம்பி அறுந்தால் இயந்திரம் நிற்காது. ஐஎஸ்ஓ 13850 கோருவது மஞ்சள் பின்னணியில் சிவப்பு நிறத்தில், அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும் பொத்தானை. அதன் தொடர்பு இயல்பில் மூடியிருந்து, கம்பி அறுந்தாலும் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். இதன் விலை சில நூறு ரூபாய்; மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவன்று.

இவற்றையெல்லாம் கூறிப் ‘புதிய பெட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று முடிப்பது எளிது. அதனால் மாணவர் இழப்பது பெரிது. மட்டாஞ்சேரியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில், களமசேரியில், 2020 ஜனவரியில் திறக்கப்பட்ட சூப்பர் ஃபேப் லேப் இயங்குகிறது. இயந்திரத்தைச் செய்யும் இயந்திரத்தை மாணவரே செய்ய வேண்டும் என்பது அவ்வகைக் கூடங்களின் கருத்து. விலைக்கு வாங்கிய பெட்டியில் எர்த் முனை ஏன் அவ்விடத்தில் இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. பழைய பெட்டியிலோ கேட்காமல் ஒரு துளைகூட இட முடியாது.

ஆனால் கல்லூரியின் பழைய கணினிப் பெட்டி ஆய்வகத்துக்கு வந்துசேர விதிமுறை வழிவிடுவதில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள் மொத்தப் பயனாளர்களைப் பதிவு பெற்ற நிறுவனங்களிடமே கழிவை ஒப்படைக்கச் சொல்கின்றன. நச்சுப் புகையில் கழிவைப் பிரிக்கும் குடிசைத் தொழிலைத் தடுக்க அது தேவையான விதி. 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு எரிந்தபோது நாட்கணக்கில் புகையைச் சுவாசித்த கொச்சிவாசிகளுக்குக் கழிவு ஒழுங்கின் அருமையை விளக்க வேண்டியதில்லை. எனினும் அவ்விதிகளில் மறுசுழற்சி தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு என்று உலோகமாகக் கணக்கிடப்படுகிறது. புதுப்பித்தல் என்பதோ பொருளை அதன் முதற்பயனுக்கே மீட்பதைக் குறிக்கிறது. கணினிப் பெட்டி வேறொன்றின் பெட்டியாவதற்கு இரண்டிலும் இடமில்லை. பண்டகசாலையைக் கலைக்கூடமாக்கிய நகரத்தில் இந்த வகைப்பாடு சற்று விசித்திரமானது.

விதி திருத்தப்படும்வரை கல்லூரிகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பொருள் கழிவென அறிவிக்கப்படுவதற்கு முன் அது கல்லூரியின் சொத்து. கழிவு நீக்கக் குழு கூடுவதற்கு முன்பே துறை ஆய்வகங்கள் பெட்டிகளைக் கேட்டுப் பெறலாம். இருப்புப் பதிவேட்டில் ‘கணினி’ என்ற வரியை ‘இயந்திரக் கட்டுப்பாட்டுப் பெட்டி’ என்று மாற்றி எழுதலாம். தாய்ப்பலகையும் மின்வழங்கியும் வழக்கம்போல் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போகட்டும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் நிரலைத் திறக்கச் சொல்லுமுன் மல்டிமீட்டரைக் கையில் கொடுத்து, பக்கத் தகட்டுக்கும் மின்செருகியின் எர்த் முனைக்கும் இடையிலான மின்தடையை அளக்கச் சொல்லட்டும்.