குடும்ப வரலாறா, பட்டினி வரலாறா?

"குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை இருக்காம்மா?" கர்ப்பிணிகளிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி இது. வயது, எடை, குடும்ப வரலாறு எல்லாம் அட்டையில் ஏறும். சேரியிலிருந்து வரும் பெண்ணிடம் "உன் பாட்டி எத்தனை வேளை சாப்பிட்டாள்?" என்று கேட்க அதில் கட்டம் கிடையாது.

கேட்டிருக்க வேண்டும் தோழர்களே. 1944-45 குளிர்காலத்தில் நாஜிகள் உணவு வரத்தைத் தடுத்ததால் நெதர்லாந்து பட்டினி கிடந்தது. அப்போது கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தார்கள். சர்க்கரையைக் கையாள அவர்கள் உடல் திணறியது. அது ஒரே ஒரு குளிர்காலம்! இங்கே பண்ணையடிமை முறை எத்தனை தலைமுறையின் வயிற்றைக் காயப்போட்டது? புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் கண்டதும் இதையொட்டியதுதான்: எடை குறைந்து பிறக்கும் நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். சர்க்கரை பணக்கார வியாதி என்று இன்னமும் பேசுகிறவர்கள் இதைப் படிக்கட்டும்.

புதுச்சேரிக்கு வருவோம். 2015 செப்டம்பரில் ஒன்றிய அரசு இங்கே ரேஷன் தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடத் தொடங்கியது. மூடிக்கிடந்த ரேஷன் கடைகள் 2024 தீபாவளிக்குத்தான் மீண்டும் திறந்தன. பையில் என்ன கொடுத்தார்கள்? 10 கிலோ அரிசி, 2 கிலோ சர்க்கரை. ஒரு கையால் அரிசியும் சர்க்கரையும் கொடுத்துவிட்டு, "சோத்தைக் குறை, சர்க்கரையைத் தொடாதே" என்கிறது அரசு. பருப்பையும் முட்டையையும் அவள் எந்தக் கடையில், எந்தக் காசில் வாங்குவாள்?

"தினமும் நட" என்பார்கள். நடை நல்லதுதான். ஆனால் விடியலிலிருந்து நாலு வீடு கூட்டித் துடைத்தவளுக்கு மாலையில் கடற்கரைச் சாலையில் உலாவ நேரம் எது?

சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் வழியில் ஒன்றிய அரசு ஏற்றுக்கொண்ட சோதனைக்கு வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸ், 2 மணி நேரம் காத்திருப்பு, அளவு 140ஐத் தொட்டால் சிகிச்சை. ஏழைகளை மனதில் வைத்த ஏற்பாடு, மறுக்கவில்லை. முதல் வருகையில் ஒன்று, 24 முதல் 28 வாரத்துக்குள் ஒன்று, பிரசவமாகி 6 வாரத்தில் மறுபடி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் போகும் அரைநாள் கூலியை யார் தருவது? 2017இல் 26 வாரமாக உயர்த்திய மகப்பேறு விடுப்பு, வீட்டு வேலை செய்யும் பெண்ணை எட்டிப் பார்க்கவே இல்லை.

ரேஷனில் பருப்பும் கேழ்வரகும் முட்டையும் கொடு. சோதனை நாளுக்குக் கூலி கொடு. அதன்பிறகு அவள் தட்டைப் பற்றிப் பேசலாம்.