கோடு குறைந்தால் கம்ப்யூட்டரைக் குறை சொல்லாதீர்கள்!

ஒரே வீடு, ஒரே ரௌட்டர். அண்ணனின் பழைய லேப்டாப்பில் வை-ஃபை சிக்னல் கோடுகள் முழுதாக நிற்கின்றன. தம்பிக்கு வாங்கிய புதிய லேப்டாப்பில் ஒன்றிரண்டுதான் தெரிகின்றன. "புதுசு வாங்கி ஏமாந்துட்டோமா?" இதுதான் எங்கள் ஐயங்கார்குளத்தில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி. லினக்ஸ் போட்டுப் பார்த்தவர்கள் வேறு மாதிரி கேட்கிறார்கள். "விண்டோஸில் நல்லா வருது, லினக்ஸில் வரலை. லினக்ஸே மோசமா?"

இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான். கோடுகளை வைத்துக் கம்ப்யூட்டரையோ ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையோ எடை போடாதீர்கள். காரணம் தெரியாமல் ரிப்பீட்டர், புதிய ரௌட்டர், பார்மட் என்று பணத்தைக் கரைக்காதீர்கள்.

சென்னை அடுக்குமாடி வீடுகளில் அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் எல்லாம் ஒரே சானலில் மோதிக்கொள்ளும். பெரிய குளமும் வயலும் உள்ள எங்கள் ஊரில் அந்த நெரிசல் குறைவு. ஆகவே ஒரே இடத்தில் வைத்த இரண்டு கம்ப்யூட்டர்கள் வேறு வேறாகக் காட்டினால், காரணத்தை முதலில் அவற்றுக்குள்தான் தேட வேண்டும்.

கோடு சரியான அளவுகோலா?

எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்று பொது விதி எதுவும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2010-ல் ஐபோன் 4 வந்தபோது, கோடுகளைக் கணக்கிடும் முறையே தவறு என்றும், பல சமயங்களில் 2 கோடுகள் கூடுதலாகக் காட்டிவிட்டோம் என்றும் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அது மொபைல் சிக்னல்தான். ஆனாலும் பாடம் வை-ஃபைக்கும் பொருந்தும்.

இன்றைய ரௌட்டர்கள் பல, 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் தருகின்றன. 5-ல் வேகம் அதிகம். ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் பலவீனமாகும். எனவே 5-ல் இணைந்த கம்ப்யூட்டர் குறைந்த கோடுகளைக் காட்டிக்கொண்டே வேகமாக வேலை செய்யலாம். பழைய லேப்டாப்புகள் பலவற்றுக்கு 5 தெரியவே தெரியாது.

கண்ணுக்குத் தெரியாத ஆன்டெனா

லேப்டாப்பில் ஆன்டெனா பெரும்பாலும் திரையின் ஓரத்தில் ஒளிந்திருக்கும். கீழே உள்ள வை-ஃபை கார்டிலிருந்து மெல்லிய வயர் அங்கே போகும். பல மாடல்களில் 2 ஆன்டெனாக்கள் இருக்கும். விலையைக் குறைக்க ஒன்றோடு நிறுத்திய மாடல்களும் உண்டு. டெஸ்க்டாப்பில், குட்டி யு.எஸ்.பி. அடாப்டரைப் பின்பக்கம் செருகினால் இரும்புப் பெட்டியே சிக்னலை மறைக்கும். போதாக்குறைக்கு, யு.எஸ்.பி. 3.0 சாதனங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் உண்டாக்கும் என்று இன்டெல் 2012-ல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் விளக்கியது. ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிளில் அடாப்டரைத் தள்ளி வைத்தாலே பல வீடுகளில் பிரச்னை தீரும்.

வெளிநாட்டிலிருந்து வந்த லேப்டாப்பில் இன்னொரு சிக்கல். 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 13-ம் சானல் வரை பயன்படுத்தலாம். அமெரிக்காவில் விற்கப்படும் சாதனங்கள் பல 11-ஐத் தாண்டிப் பார்ப்பதில்லை. ரௌட்டர் 13-ல் இருந்தால், அந்த லேப்டாப்பில் உங்கள் நெட்வொர்க்கின் பெயரே வராது. ரௌட்டரை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றினால் போதும்.

டிரைவர் செய்யும் வேலை

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. அதனால் ஒரே மெஷினில் இரண்டு சிஸ்டம் என்பது நம் மாணவர்களுக்குப் புதிதல்ல. கார்டும் ஆன்டெனாவும் ஒன்றாக இருக்கும்போது, மாறுவது டிரைவர் புரோகிராம்தான்.

இதற்கு ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல் 8723பிஇ கார்டு நல்ல உதாரணம். கார்டில் ஆன்டெனா இணைக்க 2 முனைகள். சில லேப்டாப்புகளில் ஒரே ஓர் ஆன்டெனாவை மட்டும் பொருத்தினார்கள். அது எந்த முனையில் உள்ளது என்ற குறிப்பைக் கார்டில் சரியாகப் பதிக்கவில்லை. லினக்ஸ் டிரைவர் காலியான முனையில் காதை வைத்துக் காத்திருந்தது! ரௌட்டர் பக்கத்திலேயே இருந்தும் சிக்னல் பலவீனம். பிறகு ஆன்டெனாவைத் தேர்ந்தெடுக்கும் வசதி டிரைவரில் சேர்க்கப்பட்டது. இதில் லினக்ஸ் மோசமா, லேப்டாப் மோசமா? இரண்டும் இல்லை. குறிப்பைச் சரியாக எழுதாததுதான் குற்றம்.

நிறுவனங்கள் மீது எனக்குள்ள வருத்தமும் இதுதான். பெட்டியின் மேல் ராம், ஹார்ட் டிஸ்க் அளவைப் பெரிதாக அச்சிடுகிறார்கள். வை-ஃபை கார்டின் மாடல் என்ன, ஆன்டெனா எத்தனை என்று அச்சிட ஒரு வரி போதாதா? அதுவரை கடைக்காரரிடம் நீங்களே கேளுங்கள்.

ஏற்கனவே வாங்கிவிட்டீர்களா? இரண்டு கம்ப்யூட்டர்களையும் ஒரே மேஜையில் வைத்து, ஒரே அலைவரிசையில் இணைத்து, கோடுகளை விட்டு வேகத்தைப் பாருங்கள். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய டிரைவரைப் போடுங்கள். லினக்ஸ் மாற நினைத்தால், பார்மட் செய்யும் முன் பென் டிரைவிலிருந்து இயக்கி வை-ஃபையைச் சோதியுங்கள். இவை எல்லாம் செலவில்லாத வேலைகள். இவற்றைச் செய்த பிறகும் குறை இருந்தால் மட்டும் பர்ஸைத் திறங்கள்.